நூற்றுக்கு அறுபத்திரண்டு

"டி.வி. இருக்குது, கேமரா இருக்குது, பீரோவுல நகை இருக்குது. அத்தனையும் உட்டுப்போட்டு இருநூத்து நாப்பது தாளை மட்டும் தூக்கிட்டுப் போயிருக்கான். படிப்புல இத்தனை ஆர்வமுள்ள திருடன் கோயமுத்தூர்லயே இவன் ஒருத்தன்தான் சார்."

உக்கடத்தில் ஒரு பழைய பேப்பர் கடையின் வாசலில் நின்றுகொண்டு ரூபினா இதைச் சொன்னாள். காந்திபுரத்து மாடியறையில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் அங்கப்பனுக்கு அவள் நான்கு வருடமாக உதவியாளர். சம்பளம் தாமதமாகும், வாய் மட்டும் ஒருநாளும் தாமதமாகாது. அங்கப்பன் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இது காசு வாங்கிக்கொண்டு எடுத்த வழக்கு இல்லை. தாராபுரம் ரோட்டிலிருந்து உள்ளே போனால் கரட்டுப்புதூர் என்று ஒரு ஊர். பக்கத்தில் சாயப்பட்டறை வந்து மூன்று வருடத்தில் அந்த ஊர்க் கிணறுகள் நிறம் மாறிவிட்டன. பட்டறையை விரிவுபடுத்த அனுமதி கேட்டிருக்கிறார்கள். அதன்மேல் கலெக்டர் ஆபீசில் வியாழக்கிழமை விசாரணை. ஊருக்குக் கையிலிருக்கும் ஒரே ஆயுதம் ஓர் அறிக்கை. புள்ளியியல் பேராசிரியர் லட்சுமணசாமி ஊரில் வீடு வீடாகக் கணக்கெடுத்து, இருநூற்று நாற்பது வீட்டில் நூற்று நாற்பத்தொன்பது வீட்டில் வயிற்று நோய் என்று எழுதிக் கொடுத்த அறிக்கை. நூற்றுக்கு அறுபத்திரண்டு.

வெள்ளிக்கிழமை பட்டறையின் வக்கீல், கணக்கெடுத்த அசல் படிவங்களைக் காட்டச் சொல்லி நோட்டீஸ் விட்டார். ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்தில் பேராசிரியர் வீட்டிலிருந்து அந்தப் படிவக்கட்டு காணாமல் போய்விட்டது. அசல் இல்லாவிட்டால் அறிக்கையைத் தூக்கிக் குப்பையில் போடுவார்கள். ஊரும் குப்பைக்குப் போகும்.

லட்சுமணசாமி அங்கப்பனுக்கு முப்பது வருட நண்பர். ஒரே ஹாஸ்டல் அறை, ஒரே தட்டு. கரட்டுப்புதூர்க்காரர்கள் அங்கப்பனிடம்தான் முதலில் வந்தார்கள். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு, கைசுத்தமான மனுசன்" என்று அழைத்துக்கொண்டு போய் அறிமுகம் செய்தவரே அங்கப்பன்தான். அதனால் இந்தத் திருட்டு அவருக்குத் தன் சொந்த வீட்டில் நடந்த மாதிரி இருந்தது.

"பட்டறைக்காரன் ஆளை வச்சு எடுத்திருக்கான். இன்னேரம் எரிச்சிருப்பான். இங்க வந்து என்ன பண்றது?" என்றார்.

"இத்தனை தாளை எரிச்சா அக்கம்பக்கத்துல புகை வருதுன்னு சண்டைக்கு வருவாங்க சார். கூலிக்குத் திருடினவன் எரிக்க மாட்டான். எடைக்குப் போடுவான், டீக்குடிக்க ஆச்சுன்னு. இந்த ஊர்ப் பழைய தாளெல்லாம் எங்க மாமன் கடைக்குத்தான் வந்து சேரோணும்."

மாமா அப்துல் நாசர் உள்ளேயிருந்து வந்தார். கையில் ஒரு கட்டு. சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"வாங்க சார். மருமக நேத்துச் சொன்னா. பொட்டலம் மடிக்கறவங்க எடுக்கறதுக்கு முன்னாடி தனியா எடுத்து வச்சுட்டேன். இதானுங்களா?"

மேல் தாளில் தடித்த எழுத்தில் இருந்தது: கரட்டுப்புதூர் குடும்ப நலக் கணக்கெடுப்பு, ஏப்ரல் 1994.

அங்கப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ரூபினாவின் தலையில் கைவைத்து ஆசீர்வாதமே செய்திருப்பார், அவள் அதற்கும் ஏதாவது சொல்வாள் என்று பயந்து விட்டுவிட்டார். நாசர் இரண்டு ஸ்டூல்களை இழுத்துப் போட்டு டீ சொல்லி அனுப்பினார். எண்ணிப் பார்த்தார்கள். இருநூற்று நாற்பது, ஒன்று குறையவில்லை.

"ஏன் சார், புரொபசர் ரொம்பச் சுத்தக்காரருங்களா?" என்றாள் ரூபினா, தாள்களைப் புரட்டிக்கொண்டே.

"ஏன்?"

"இருநூத்து நாப்பது ஊடு ஏறி எறங்கியிருக்காரு. ஒரு பாரத்துல டீக்கறை இல்லை. ஒரு எடத்துல பேனா நிக்கலை. சித்திரை வெயில்ல ஒரு சொட்டு வேர்வை உழுகலை. நானெல்லாம் ஒரு மளிகைச் சீட்டு எழுதினாலே அதுல சாம்பார் ஒட்டியிருக்கும்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அங்கப்பன் கையை நீட்டித் தாள்களில் பாதியை வாங்கிக்கொண்டார். முதல் படிவத்தில் வயது நாற்பத்து மூன்று. அடுத்தது முப்பத்தேழு. அடுத்தது ஐம்பத்தொன்று. பிறகு இருபத்தொன்பது, அறுபத்து நான்கு, முப்பத்தெட்டு.

தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், எண்பத்தொன்றாம் வருடக் கணக்கெடுப்புக்கு அவர் காடு தோட்டமெல்லாம் அலைந்தவர். ஊர்ப்புறத்தில் வயசு கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவர் கேட்ட ஆயிரம் பேரில் நாற்பத்து மூன்று என்று சொன்ன ஆளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"ரூபினா, மேல இருக்கற நூறு பாரத்தை எடு. பூஜ்யத்துலயும் அஞ்சுலயும் முடியற வயசு எத்தனைன்னு எண்ணு."

"எதுக்கு சார்?"

"உன்ற பெரியம்மாவுக்கு என்ன வயசு?"

"அறுபது. அஞ்சு வருசமா அறுபதுதான்."

"அதுக்கு முன்னாடி?"

"அம்பத்தஞ்சு." சொல்லும்போதே ரூபினாவுக்குப் பொறி தட்டியது. பிறகு குனிந்து எண்ண ஆரம்பித்தாள். டீ வந்து ஆறிப்போய் ஆடை கட்டிய பிறகு நிமிர்ந்தாள்.

"பத்தொம்பது, சார்."

"பாதிக்கு மேல இருக்கோணும்."

"ரேஷன் கார்டைப் பாத்து எழுதியிருந்தாருன்னா?"

"கார்டுல எழுதினவனும் கேட்டுத்தான் எழுதினான். அங்கயும் நாப்பது, அம்பதுதான் இருக்கும். மனுசங்க சொன்ன வயசு பூஜ்யத்துலயும் அஞ்சுலயும்தான் குமியும். இது நாற்று நட்ட மாதிரி வரிசையா இருக்குது."

இந்த இடத்தில் அங்கப்பன் செய்தது துப்பறிவாளன் செய்கிற காரியமல்ல, நண்பன் செய்கிற காரியம். லட்சுமணசாமியைக் காப்பாற்ற ஒரு கதை கட்டினார். பட்டறைக்காரன் அசலைத் தூக்கிவிட்டான், இந்தப் போலிக் கட்டைத் தயார் செய்து வெளியில் விட்டிருக்கிறான், வியாழக்கிழமை இதைக் கையில் வைத்துக்கொண்டு ஊரின் மானத்தை வாங்கப் போகிறான். நல்ல கதை. சொல்லும்போதே அவருக்குக் குரல் தெம்பாக வந்தது.

"அப்படீன்னா கையெழுத்து புரொபசருதா இருக்கக் கூடாதுங்களே," என்றாள் ரூபினா.

அங்கப்பன் பார்த்தார். ஏழுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு. ஹாஸ்டலை விட்ட நாளிலிருந்து லட்சுமணசாமி அவருக்கு எழுதிய கடிதங்களில் ஏழு வரும் இடமெல்லாம் அந்தக் கோடு இருக்கும். அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

ரூபினாவுக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தாங்கவில்லை. அவரைக் கொஞ்சம் இளக வைக்கலாம் என்று உரக்கப் படித்தாள். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்கன்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. கோழிக் குழம்பு. அடுத்த ஊட்டுல ரசம். அடுத்தது கருவாடு. மறுபடியும் கோழி. நல்லா ருசியா இருந்திருக்காங்க சார், என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

"தேதி என்ன போட்டிருக்குது?"

"ஏப்ரல் பதினெட்டு. இது பத்தொம்பது. கட்டு முழுக்க பதினாறுல இருந்து இருபத்திநாலுக்குள்ளதான்."

அங்கப்பன் கண்ணை மூடிக்கொண்டார். ஏப்ரல் இருபதாம் தேதி கரட்டுப்புதூருக்கு அவரே போயிருந்தார். மாரியம்மன் நோம்பி, ஊர்த் திருவிழா. முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை கோயில் முன்னால் விழாக் கம்பம் நட்டிருந்தார்கள். பட்டறையை எதிர்க்கும் ஊர்க் கமிட்டியை நடத்தும் தெய்வாத்தாள் அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, பெரிய குற்றம் செய்தவள் மாதிரிக் கையைப் பிசைந்தாள். "ஊட்டுக்கு வந்த ஒரம்பரைக்கு ஒரு கோழி அடிக்க முடியலீங்க. கம்பம் நட்டாச்சுன்னா பதினஞ்சு நாளைக்கு ஊருக்குள்ள கவுச்சி ஆகாதுங்க. தாளிக்கக்கூட மாட்டோம்." தாளிக்காத ரசத்தை அவர் மூன்று கை வாங்கிக் குடித்தார்.

"அந்தப் பதினஞ்சு நாள்ல அந்த ஊர்ல ஒரு வீட்டுல கூடக் கறி வெந்திருக்காது, ரூபினா," என்றார்.

"எங்க தெருவுல ரம்ஜான் மாசம் மத்தியானம் வந்து, ஊடு ஊடாப் பிரியாணி தின்னாங்கன்னு எழுதின மாதிரி." அவள் இதைச் சிரிக்காமல் சொன்னாள். "அப்ப இவரு ஊருக்கே போகலை."

அங்கப்பன் நாசரைத் திரும்பிப் பார்த்தார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. வந்தவுடனே கேட்டிருக்க வேண்டும். கட்டைக் கண்ட சந்தோஷத்தில் விட்டுவிட்டார். இப்போது கேட்கவே பிடிக்கவில்லை.

"யாருங்க இதைக் கொண்டுவந்து போட்டது?"

"கனகம்னு ஒரு அம்மா. ராமநாதபுரத்துல ஒரு வாத்தியார் ஊட்டுல வேலை செய்யறாங்க. பாய்லர்ல போட்டு எரிக்கச் சொன்னாராமுங்க அந்த வாத்தியார். இத்தனை நல்ல தாளை எரிக்க மனசு வல்லைன்னு இங்க தூக்கியாந்துட்டாங்க."

"என்னைக்கு?"

"சனிக்கிழமை."

ஞாயிற்றுக்கிழமை திருட்டுப் போன கட்டு சனிக்கிழமையே எடைக்கு வந்திருக்கிறது. ரூபினா இதற்கு ஏதாவது சொல்லுவாள் என்று அங்கப்பன் காத்திருந்தார். அவள் சணல் கயிற்றை எடுத்து, கட்டை மறுபடியும் இறுக்கிக் கட்டினாள்.

ராமநாதபுரம் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி. லட்சுமணசாமி வாசலுக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, பளிச்சென்ற பனியன். ரூபினாவின் கையிலிருந்த கட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஆனால் ஓடவுமில்லை, உளறவுமில்லை. உள்ளே போய் உட்கார்ந்தார்.

"கனகத்துகிட்ட நான் சொன்னது ஒண்ணு, அவ செஞ்சது ஒண்ணு," என்றார்.

"முப்பது வருசம், லட்சுமணா."

"உட்காரு அங்கப்பா. கோபப்படறதுக்கு முன்னாடி கேளு. நான் போகாம இல்லை. நோம்பிக்கு முன்னாடி ரெண்டு நாள் போனேன், முப்பது வீடு கேட்டேன். என்ன வந்துது தெரியுமா? ஏழு. முப்பதுக்கு ஏழு. நூத்துக்கு இருபத்திமூணு. அதை எடுத்துகிட்டு எந்தக் கலெக்டர் முன்னாடி நிக்கறது? 'அதனால என்ன, எல்லா ஊர்லயும் இருக்கறதுதானே'ன்னு ஒரு வரி எழுதி மூடிருவாங்க. நீ தாலுகா ஆபீசுல இருந்தவன்தானே. சதவீதம் போடாத மனுவை நீ முழுசாப் படிச்சிருக்கியா?"

படித்ததில்லை என்பது அங்கப்பனுக்குத் தெரியும். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"தாது வருசப் பஞ்சத்துல செத்தவங்களை எவன் வரிசையா நிக்க வச்சு எண்ணினான்? எவனோ ஒருத்தன் மேஜைல உக்காந்து எழுதினதை வச்சுத்தான் இன்னைக்கு வரைக்கும் பேசறோம். அந்தத் தண்ணி கெட்டுப்போனது உண்மை. பட்டறைக்காரன் அயோக்கியன்கறது உண்மை. அந்த உண்மை ஜெயிக்க ஒரு எண் தேவைப்பட்டுது. கொடுத்தேன்."

"நெசமா வலி இருந்த ஏழு வீடு. அந்தப் பாரம் எங்கே?"

"கிழிச்சுப் போட்டுட்டேன். ரெண்டு விதமாக் கணக்கு இருந்தா ஆபத்து."

அதுவரை அங்கப்பனுக்கு வந்தது கோபம். இப்போது வந்தது வேறு. இருந்த நோயைக் கிழித்துப் போட்டுவிட்டு, இல்லாத நோயை உட்கார்ந்து எழுதியிருக்கிறான். அந்த ஏழு வீட்டுக்காரர்கள் இவனை நம்பி வயிற்றைத் தொட்டுக் காட்டியிருப்பார்கள்.

"திருட்டுன்னு என்னை ஏன் கூப்பிட்டே? போலீசுக்குப் போயிருக்கலாமே?"

லட்சுமணசாமி முதல் தடவையாகத் தரையைப் பார்த்தார். "போலீசு சொன்னா ஊர் நம்பாது. அங்கப்பன் தேடறான்னா எல்லாரும் நம்புவாங்க, கலெக்டர் ஆபீசு உட்பட. எனக்கு உன்ற பேரு வேணும்னு இருந்துது. நீ கண்டுபிடிப்பேன்னு நான் நினைக்கலை."

ரூபினா கட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "அதுக்கும் ஏதாச்சும் சதவீதம் போட்டு வச்சிருந்தீங்களா சார்?" என்றாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. "அங்கப்பா, அந்தக் கட்டை இங்க வச்சிட்டுப் போயிரு. அடுப்புல போடுறேன். திருட்டுப் போனது போனதாவே இருக்கட்டும். பட்டறைக்காரன்தான் எடுத்தான்னு நீ சொன்னா அறிக்கை நிக்கும். ஊர் ஜெயிக்கும். யாருக்கும் நஷ்டமில்லை."

அங்கப்பன் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நின்றார். ரூபினா கீழே இறங்கி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றாள். அப்படி நிற்கவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கரட்டுப்புதூருக்குள் நுழையும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. பள்ளிக்கூடச் சுவரில் காவிக்கல்லால் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள்: நூற்றுக்கு 62 பேர் நோயாளி! பட்டறையே வெளியேறு! இரண்டு என்ற எண்ணுக்கு மட்டும் யாரோ பூவெல்லாம் போட்டு அலங்காரம் செய்திருந்தார்கள்.

தெய்வாத்தாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். கட்டைப் பார்த்ததும் வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"கெடச்சுப்போச்சுங்ளா! எனக்குத் தெரியுமுங்க. அங்கப்பண்ணன் தேடுனா கெடைக்குமுன்னு சொன்னனுங்க எல்லார்த்துகிட்டயும்."

இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் அங்கப்பன் யோசித்து வந்திருந்தார். யோசித்தது ஒன்றும் வாயில் வரவில்லை. கட்டைப் பிரித்து அவள் பேரிலிருந்த படிவத்தை எடுத்து, அதில் இருந்ததை அப்படியே வாசித்தார். தெய்வாத்தாள், வயது நாற்பத்தேழு. வயிற்று வலி: உண்டு. ஏப்ரல் இருபத்தொன்று. முந்தின இரவு உணவு: கோழிக் குழம்பு.

அவள் சிரிக்கப் போனாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இந்த வீட்டுக்கு அவரு வந்தாருங்ளா?" என்று அங்கப்பன் கேட்டார்.

"வடக்கு வீதிக்கு வந்தாருங்க. இந்தப் பக்கம் நான் காட்டுக்குப் போயிருந்தப்ப வந்துபோட்டுப் போயிருப்பாருன்னு நெனச்சனுங்க. அல்லாரும் அப்படித்தானுங்க நெனச்சிருக்கோம்." அவள் அந்தத் தாளை வாங்கித் தடவிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. "கம்பம் நட்டு வச்சுபோட்டு நானு கோழி ஆக்கித் தின்னனா? ஆத்தா சாமி முன்னாடி கையில தீயோட பூவோடு எடுத்தவளுங்க நானு. இதை அங்க கலெக்டர் ஆபீசுல படிப்பாங்களாங்க?"

"இருநூத்து நாப்பதும் இப்படித்தானுங்க அம்மணி. உக்காந்த எடத்துல எழுதினது."

"அப்ப எங்க ஊரு நோவும் பொய்யிங்களா?"

அங்கப்பனால் அவளைப் பார்க்க முடியவில்லை. தொழுவத்தில் மாடு வாளியை முட்டிக் கவிழ்த்தது. தண்ணீர் வாசலெல்லாம் ஓடிற்று, வெளிறிய ஊதா நிறத்தில்.

"நீங்க கூட்டியாந்த ஆளுன்னுதானுங்க ஊட்டுக்குள்ள உட்டோம்," என்றாள் தெய்வாத்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அங்கப்பனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"தப்பு என்னுதுதானுங்க," என்றார். "இந்தக் கட்டை வியாழக்கிழமை நானே கொண்டுபோய், இது பொய்யின்னு சொல்லிக் குடுத்துருவேன். அவங்க கண்டுபிடிச்சு நம்ம மேல காறித் துப்பறதுக்கு முன்னாடி நம்மளே சொல்லிருவோம். நாளைக்கு ஒரு நாள் முழுசா இருக்குதுங்க. இப்பவே ஆரம்பிச்சா இருநூத்து நாப்பது ஊட்டையும் கேட்டுறலாம். எத்தனை வருதோ அத்தனை. இருபது வந்தா இருபது."

ரூபினா அதற்குள் ஒரு நோட்டில் கோடு போட்டுக் கட்டம் பிரித்திருந்தாள். அங்கப்பன் பேனாவுக்காகக் கையை நீட்டினார்.

"நீங்க கேக்க வேண்டாமுங்க," என்றாள் தெய்வாத்தாள். "அந்தப் புள்ள கேக்கட்டும்."

ரூபினா அவரைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார். இருவரும் உள்ளே போனார்கள். அங்கப்பன் வாசலிலேயே, அந்த ஊதாத் தண்ணீரை மிதிக்காமல் ஒதுங்கி நின்றார். முப்பது வருடத்து நண்பனை நாலு மணிக்கு இழந்திருந்தார். இந்த வீட்டுக்குள் நுழையும் உரிமையை இழந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதுதான் அதிகம் வலித்தது.

உள்ளேயிருந்து ரூபினாவின் குரல் கேட்டது. அதில் கிண்டல் துளியும் இல்லை.

"வயசு என்னங்க?"

"அம்பது போட்டுக்க, கண்ணு."

"வயித்துல நோவு ஏதாச்சும் இருக்குதுங்ளா?"

அங்கப்பன் கதவுப் பக்கம் காதைத் திருப்பினார்.

"எனக்கு இல்லே. இல்லைன்னே எழுது," என்றாள் தெய்வாத்தாள். "எழுதிபோட்டு வா, பக்கத்து ஊட்டுக்குப் போலாம். அங்க இருக்குது."